‘இன்னொரு பூமி’ என்று தலைப்பிடும் முன்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கும், இரவுப் பணியில் அமர்ந்து ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கும் உதவி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஏப்ரலில், கே2-18பி என்ற கோளைப் பற்றி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவுசெய்த நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவில்) டைமெத்தில் சல்பைடு அல்லது டைமெத்தில் டைசல்பைடு இருப்பதற்கான தடயம் தெரிகிறது என்றது அந்த அறிக்கை. பூமியில் இந்த வாயுக்களைப் பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்பாசிகள்தான் உண்டாக்குகின்றன. செய்தி அவ்வளவுதான். ஆனால் இத்தகைய அறிக்கை தமிழுக்கு வந்து சேர்வதற்குள் ‘தடயம்’ என்பது ‘கண்டுபிடிப்பு’ ஆகிவிடுகிறது. ‘வாயு’ என்பது ‘உயிர்’ ஆகிவிடுகிறது. சில இடங்களில் ‘வேற்றுக்கிரகவாசிகள்’ வரைக்கும் போய்விடுகிறது.

புறக்கோள்களை, அதாவது சூரியன் அல்லாத விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றிய ஆய்வைத் தொடர்ந்து படித்துவரும் நாங்கள் இந்த மடலை எழுதுவது குறை சொல்வதற்காக அன்று. இந்தத் துறையின் செய்தியைச் சரியாக எழுத மேசையில் இருப்பவருக்கு இருபது நிமிடமும், எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற தெளிவும் இருந்தால் போதும். அந்தத் தெளிவைத் தருவதே எங்கள் நோக்கம்.

முதலில் கே2-18பியையே எடுத்துக்கொள்வோம். அது 124 ஒளியாண்டு தொலைவில், சூரியனைவிடச் சிறிய, மங்கலான ஒரு செங்குறு விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. விட்டம் பூமியைப் போல் 2.6 மடங்கு, நிறை 8.6 மடங்கு. இந்த இரண்டு எண்களை வைத்தே ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 2.6 × 2.6 × 2.6 என்று பெருக்கினால் கனஅளவு ஏறத்தாழ 17.6 மடங்கு. 8.6-ஐ அதனால் வகுத்தால் அடர்த்தி பூமியில் பாதிக்கும் சற்றுக் குறைவு என்று வரும். பாறையும் இரும்பும் மட்டும் கொண்ட உருண்டை இவ்வளவு இலேசாக இருக்க முடியாது. உள்ளே பெருமளவு நீரோ, மேலே தடித்த ஹைட்ரஜன் போர்வையோ, இரண்டுமோ இருந்தாக வேண்டும். ஆக, ஆய்வறிக்கையின் முதல் பத்தியிலேயே கிடைக்கும் இரண்டு எண்கள் ‘பூமியைப் போன்ற கோள்’ என்ற தலைப்பை ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுகின்றன. பொதுவாகவே, விட்டம் பூமியைப் போல் 1.6 மடங்கைத் தாண்டினால் அந்தக் கோள் பாறைக் கோளாக இருக்கும் வாய்ப்பு விரைவாகக் குறைகிறது. இந்த ஓர் எண்ணை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டாலே பாதிப் பிழைகள் நின்றுவிடும்.

அடுத்தது, தடயம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு அந்த அறிக்கை தந்த ‘மூன்று சிக்மா’ என்ற அளவு. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நடக்கின்றன. மூன்று சிக்மா என்றால் ‘99.7 சதவீதம் உயிர் உண்டு’ என்று பொருளில்லை. அப்படி ஒரு வாயுவே அங்கு இல்லாவிட்டாலும், கருவியின் இரைச்சல் மட்டுமே இத்தகைய தடயத்தைத் தற்செயலாகக் காட்டிவிடும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம் என்பதே அதன் பொருள். அதுவும் ஆய்வாளர்கள் தேர்ந்துகொண்ட மாதிரிக்கு உட்பட்டுத்தான். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலில் எதிர்பார்க்கப்படும் ஐந்து சிக்மாவில் அந்த வாய்ப்பு 0.00006 சதவீதமாகச் சுருங்குகிறது. அந்த நிலையை எட்ட ஜேம்ஸ் வெப்பில் இன்னும் 16 முதல் 24 மணி நேரக் கண்காணிப்பு தேவைப்படலாம் என்று அந்தக் குழுவே சொன்னது. பிறகு வேறு குழுக்கள் அதே தரவை எடுத்துத் தங்கள் முறையில் அலசியபோது, ஒன்றுக்கு அந்த நிறமாலை வெறும் நேர்க்கோட்டோடு, அதாவது எந்த வாயுவின் தடயமும் இல்லாத கோட்டோடு, பொருந்திப் போனது. இன்னொன்றுக்கு, உயிரோடு தொடர்பில்லாத வேறு மூலக்கூறுகளும் அதே அளவு பொருந்தின. இதற்கும் மேல், டைமெத்தில் சல்பைடு 67பி என்ற வால்மீனிலும் தென்பட்டிருக்கிறது. அங்கே பாசி ஏது? ஆகவே வாயு இருப்பது நாளை உறுதியானாலும், ‘இதை உண்டாக்கியது உயிர்தானா’ என்ற கேள்வி தனியாக நிற்கும்.

ஒரு செய்தி எழுதும்போது இந்தக் கேள்விகளைப் பிரித்து வைக்க வேண்டும். அங்கே கோள் உண்டா? அது பாறைக் கோளா? அதற்கு வளிமண்டலம் உண்டா? அதில் அந்த வாயு உண்டா? அந்த வாயு உயிரால் வந்ததா? ஒவ்வொன்றும் முந்தையதைக் காட்டிலும் பல மடங்கு கடினம். நாசா விஞ்ஞானிகள் 2021-இல் நேச்சர் இதழில் இதற்கென்றே ஏழு படிகள் கொண்ட ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். முதல் படி, ஒரு சமிக்ஞை தென்படுவது. இரண்டாவது, அது கருவிப் பிழையோ கலப்படமோ இல்லை என்று தெளிவது. உயிரல்லாத காரணங்களைக் கழித்துக்கட்டுவது நான்காவது படியில்தான் வருகிறது. கே2-18பி செய்தி முதல் படியிலேயே இன்னும் உறுதியாகக் காலூன்றவில்லை. ‘ஏழில் எத்தனையாவது படி’ என்று செய்தியின் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டால் போதும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் அது புரியும்.

கோளை எப்படிக் காண்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எண்கள் ஏன் தடுமாறுகின்றன என்பது அப்போதுதான் விளங்கும்.

பெரும்பாலான கோள்கள் கடப்பு முறையில் கண்டறியப்பட்டவை. கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து போகும்போது ஒளி கொஞ்சம் குறையும். குறையும் அளவிலிருந்து கோளின் விட்டம் கிடைக்கும். தொலைவிலிருந்து ஒருவர் நம் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தால், வியாழன் கடக்கும்போது ஒளி ஒரு சதவீதம் குறையும். பூமி கடக்கும்போது குறைவது பத்து லட்சத்தில் 84 பங்கு. கோயில் திருவிழாவில் 12,000 தொடர்விளக்குகள் எரியும்போது ஒன்றை மட்டும் அணைத்தது போல. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் 13 மணி நேரம். கோளின் பாதை நம் பார்வைக் கோட்டில் அமைந்திருந்தால்தான் அதுவும் தெரியும். பூமி போன்ற பாதைக்கு அந்த வாய்ப்பு 215-இல் ஒன்று. ஒரே ஒரு சரிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சம இடைவெளியில் குறைந்தது மூன்று முறை வர வேண்டும். பூமி போன்ற கோளுக்கு மூன்று கடப்பு என்றால் இரண்டு ஆண்டுக்கு மேல் இடைவிடாமல் பார்க்க வேண்டும் என்று பொருள். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கியில், குறி தவறாமல் நிறுத்திவைக்கும் சுழல் சக்கரங்களில் ஒன்று 2012-இலும் இன்னொன்று 2013-இலும் பழுதாயின. முதன்மைப் பணி நான்கு ஆண்டோடு நின்றது. சூரியனை ஒத்த விண்மீன்களைச் சுற்றும் பூமி அளவுக் கோள்களின் பட்டியல் இன்றும் மெலிந்தே இருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இந்த முறையில் எது ஏமாற்றும்? பின்னணியில் ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்கள்தான் முதல் எதிரி. கோள் தேடும் நாசாவின் டெஸ் தொலைநோக்கியின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 வில்நொடி அகலம் (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்நொடி); அதற்குள் பல விண்மீன்களின் ஒளி கலந்து விழும். மொத்த ஒளியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே தரும் மங்கலான இரட்டை ஒன்று அங்கே இருந்து, அது பாதி அளவு மறைந்து தோன்றினால், மொத்தத்தில் குறைவது பத்து லட்சத்தில் 100 பங்கு. ஏறக்குறைய ஒரு பூமி! அதனால்தான் இத்தகைய தடயத்தை முதலில் ‘கோள்’ என்று சொல்வதில்லை. ஏஜென்சி செய்தியில் ‘கேண்டிடேட்’ என்று வரும் சொல்லுக்கு ‘வேட்பாளர்’ என்று அகராதி காட்டும். ‘உறுதிசெய்யப்படாத கோள்’ என்றே எழுதுங்கள். அதை விட்டுவிடுவது சிறிய சுருக்கம் போலத் தோன்றும். செய்தியின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இன்னொரு முறை, விண்மீனின் தள்ளாட்டத்தை அளப்பது. கோள் இழுப்பதால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசையும். நிறமாலைக் கோடுகள் அதற்கேற்ப நகரும். 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி பி என்ற கோளை இப்படித்தான் கண்டார்கள். 2019-இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. வியாழன் நம் சூரியனை நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அசைக்கிறது. பூமி அசைப்பதோ நொடிக்கு 9 செ.மீ. ஆமை நடை. அந்த ஆமை நடையை, மேற்பரப்பே நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில் கொதித்துக் குமுறும் ஒரு வாயு உருண்டையில் அளக்க வேண்டும். இந்த முறை தருவது குறைந்தபட்ச நிறை மட்டுமே. நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா பி, ‘பூமியைப் போல் 1.07 மடங்கு’ என்று சொல்லப்படுவது இந்தக் கீழ்வரம்புதான். அதன் பாதைத் தளத்துக்குச் செங்குத்தான கோடு நம் பார்வைக் கோட்டோடு 30 பாகை கோணம் வைத்தால் உண்மை நிறை இரட்டிப்பாகிவிடும். அது கடப்பு நிகழ்த்துவதாகத் தெரியவில்லை. ஆகவே விட்டத்தை யாரும் அளந்ததில்லை. ‘பூமி அளவுள்ள பிராக்சிமா பி’ என்று எழுதுவது அதனால் தவறு. ‘குறைந்தது பூமியின் நிறை கொண்ட’ என்பதே சரி.

விண்மீன் தானே கோள் வேடம் போட்டதும் உண்டு. கிளீஸ் 581 என்ற விண்மீனைச் சுற்றும் ‘டி’ என்ற கோளும், 2010-இல் பெரும் பரபரப்போடு வந்த ‘ஜி’ என்ற கோளும் உயிர் வாழத் தகுந்தவை என்று உலகமெங்கும் பேசப்பட்டன. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தத் தள்ளாட்டம் விண்மீன் தன்னைத்தானே சுற்றுவதாலும் அதன் காந்தப் புள்ளிகளாலும் வந்தது என்று காட்டியது. விண்மீன் ஒருமுறை சுழல எடுப்பது 130 நாள். ‘டி’ கோளின் ஆண்டு என்று சொல்லப்பட்டது 66 நாள், ஏறக்குறைய சரிபாதி. சுழற்சிக் காலமும் கோளின் காலமும் இப்படிப் பாதி, மூன்றில் ஒன்று என்று ஒத்துப்போனால் சந்தேகப்பட வேண்டும். அறிவிப்பு முதல் பக்கத்தில் வந்தது; மறுப்புக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. இன்றும் பள்ளி வினாடி வினாக்களில் இவற்றின் பெயர் கேட்கப்படுகிறது என்றால், அந்தப் பொறுப்பில் நம் எல்லோருக்கும் பங்குண்டு.

இந்தத் துறையின் முதல் தவறான அறிவிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து. 1855-இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் வானாய்வகத்தில் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஓபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் பாதையில் சிறு பிறழ்ச்சியைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று லண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். நாற்பது ஆண்டு கழித்து அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவர் அதையே 36 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் இருண்ட துணை என்று வலியுறுத்தினார். 1899-இல் ஃபாரஸ்ட் மோல்ட்டன், அப்படியொரு பாதை நிலைத்திருக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஜேக்கப்பின் அளவீடுகள் நேர்மையானவை. உறுதி என்றும் அவர் சொல்லவில்லை. பிழை, அளக்க முடிந்த எல்லைக்குக் கீழே இருந்த ஒன்றை நம்பியதில். அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. புறக்கோள் செய்திக்கு ஒரு தமிழ்நாட்டு வேர் தேடும் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கதை வேறு கிடைக்காது.

‘வாழ்தகு மண்டலம்’ பற்றி. கோளின் பரப்பில் நீர் திரவமாக இருக்க வாய்ப்புள்ள தொலைவு என்பதற்கு மேல் இந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. ‘மனிதர் வாழத் தகுந்த’ என்று மொழிபெயர்த்தால் பொருளே கெட்டுவிடும். அறிக்கைகளில் வரும் வெப்பநிலையும் பெரும்பாலும் தரையில் அளந்தது இல்லை. வளிமண்டலத்தின் போர்வை விளைவைச் சேர்க்காத வெறும் கணக்கு. அதே கணக்கில் பூமி −18 டிகிரி செல்சியஸ். உண்மைச் சராசரியோ சுமார் 15. வெள்ளியை எடுத்து, பூமி அளவே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக் கணக்கிட்டால் 26 டிகிரி, இதமாக வரும். அதன் மேகங்களின் உண்மையான பளபளப்பைச் சேர்த்தால் −40-க்கும் கீழே இறங்கும். அங்கே தரையில் இருப்பதோ ஈயம் உருகும் 465 டிகிரி. விட்டமும் நிறையும் பூமிக்கு அவ்வளவு நெருங்கிய கோள் வெள்ளி. தொலைவிலிருந்து பார்க்கும் யாரும் அதை ‘பூமியின் இரட்டை’ என்றுதான் தலைப்பிடுவார்கள்.

செங்குறு விண்மீன்களின் கோள்களுக்கு இன்னும் கவனம் தேவை. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனைச் சுற்றி ஏழு கோள்கள் இருப்பது 2017-இல் அறிவிக்கப்பட்டபோது வந்த வண்ணப் படங்கள் நினைவிருக்கும்: கடல், மேகம், பனி. அத்தனையும் ஓவியரின் கற்பனை. 2023-இல் ஜேம்ஸ் வெப் அளந்ததில் முதல் கோளின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி. வளிமண்டலம் இல்லாத வெறும் பாறைக்குரிய வெப்பம். வாழ்தகு மண்டலத்தில் உள்ள ‘இ’ கோளின் முதல் நான்கு கடப்புகளின் முடிவு 2025-இல் வந்தது. வளிமண்டலம் உண்டு என்றோ இல்லை என்றோ அறுதியிட முடியவில்லை. தடையாக நிற்பது விண்மீனே. அதன் குளிர்ந்த புள்ளிகளில் நீராவி மூலக்கூறே இருக்கும் என்பதால், கோளின் நீராவியா விண்மீனின் நீராவியா என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. 2023-இல் ஜிஜே 486பி கோளில் ‘நீராவி’ தென்பட்டபோதும் இதே ஐயம்தான் எழுந்தது. அதனால், ‘நீராவி’ என்று வரும் அறிக்கையில் ‘விண்மீன் புள்ளி’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் வெளியே ஒருவரிடம் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

மொழிபெயர்ப்பில் வரும் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். மில்லியன் பத்து லட்சம்; பில்லியன் நூறு கோடி; டிரில்லியன் லட்சம் கோடி. ஒளியாண்டு தொலைவைக் குறிக்கும் அலகு, 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்; ‘124 ஒளியாண்டுகளுக்கு முன்பு’ என்று எழுதக் கூடாது. வாயேஜர் 1 கலம் நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில் கே2-18பியை அடைய ஏறத்தாழ 22 லட்சம் ஆண்டு ஆகும் என்று ஒரு வரி சேர்த்தால் ‘குடியேறலாம்’ என்ற பேச்சு தானே அடங்கும். ‘சூப்பர் எர்த்’ பூமியைவிடச் சிறந்தது என்று ஆகாது. நிறை கூடியது, அவ்வளவே. ‘நட்சத்திர மண்டலம்’ என்ற ஒரே சொல்லை கேலக்சிக்கும், ராசி உருவங்களுக்கும், ஒரு விண்மீனின் கோள் குடும்பத்துக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். விண்மீன் திரள், விண்மீன் குழு, கோள் குடும்பம் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். சிம்மம் என்பது கே2-18 தெரியும் திசை. அது ‘அமைந்திருக்கும்’ ஊர் இல்லை.

மேசையில் செய்ய வேண்டியது இதுதான். ஏஜென்சி செய்தியில் ஆய்விதழின் பெயர் உள்ளதா, அல்லது முன்பதிப்புத் தளத்தில் போட்டதா என்று பாருங்கள். முன்பதிப்பு என்றால் சக ஆய்வாளர்களின் சரிபார்ப்பு இன்னும் முடியாமல் இருக்கலாம் என்பதைச் செய்தியில் சொல்லுங்கள். நாசாவின் புறக்கோள் காப்பகத்தில் கோளின் பெயரைத் தட்டினால் விட்டம், நிறை, காலம் ஒரே பக்கத்தில் வரும். நிறைக் கட்டம் காலியாக இருந்தால் ‘பாறைக் கோள்’ என்று எழுதாதீர்கள். 2015-இல் ‘பூமியின் அண்ணன்’ என்று கொண்டாடப்பட்ட கெப்ளர்-452பியின் நிறையை யாரும் அளந்ததில்லை. இருந்தது கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் சில கடப்புகள். 2018-இல் வெளியான ஆய்வு, அது கோள்தான் என்பதையே அந்தத் தரவால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று வாதிட்டது. பிறகு, அந்த ஆய்வில் பங்கேற்காத ஒரு வானியலாளரிடம் ஒரு வரி கருத்துக் கேளுங்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்திலும், மவுண்ட் அபுவில் பராஸ் நிறமாலைமானியால் கோள்களை எடைபோட்டுவரும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் இதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். படத்தின் கீழே ‘கற்பனை ஓவியம்’ என்று போடுங்கள், தலைப்பு அளவுக்கு இல்லாவிட்டாலும் படிக்கும் அளவிலாவது. ஆறு மாதம் கழித்து அந்தக் கோளின் பெயரை மறுபடி தேடிப் பாருங்கள். மறுப்பு வந்திருந்தால் அறிவிப்பு வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

ஐரோப்பிய விண்வெளி முகமை பிளேட்டோ என்ற தொலைநோக்கியை அனுப்ப இருக்கிறது. 26 கேமராக்கள் கொண்ட அது தேடப்போவது சூரியனைப் போன்ற விண்மீன்களைச் சுற்றும் பூமி அளவுக் கோள்களை. முதல் சரிவு தென்பட்ட நாளிலேயே செய்தி பரவலாம். மூன்றாவது சரிவுக்கு இரண்டு ஆண்டு ஆகும். நிறையை அளக்க அதற்கு மேலும் ஆண்டுகள் ஆகலாம். அந்த முதல் நாளில் உங்கள் தலைப்பில் ‘உறுதிசெய்யப்படாத’ என்ற சொல்லுக்கு இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்புடன்,
புறக்கோள் ஆய்வைத் தொடர்ந்து படித்துவருவோர்